ஸ்டார்ட்-அப் வேலை விளம்பரத்தில் எதைப் பார்த்து உஷாராவது?

4 ஜூன், கேள்வி

‘நாங்கள் ஒரு குடும்பம்’, ‘வேகமான சூழல்’, ‘எதையும் இழுத்துப் போட்டுச் செய்பவர் தேவை’. இந்த வாசகங்கள் இருந்தால் விண்ணப்பிக்கவே கூடாது என்கிறார்கள். அப்படிப் பார்த்தால் விண்ணப்பிக்க ஒரு ஸ்டார்ட்-அப்பும் மிஞ்சாது. வேறு எதை வைத்து எடை போடுவது?

4 ஜூன், இரவு

அந்த வாசகங்களை விட்டுவிடுங்கள். பாதி விளம்பரங்கள் பழைய விளம்பரத்தைப் பார்த்து எழுதியவை. நல்ல இடமும் அதையே எழுதும், மோசமான இடமும் அதையே எழுதும். பார்க்க வேண்டியவை நான்கு: பதவிப் பெயர், கேட்கும் அனுபவம், செய்ய வேண்டிய வேலைகள், சம்பளம். இவை ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

‘ஹெட் ஆஃப் மார்க்கெட்டிங்’ என்று பெயர், கேட்பது 2 வருட அனுபவம், வேலைப் பட்டியலில் ‘தினமும் 3 போஸ்ட் எழுத வேண்டும்’. இங்கே கீழே வேலை செய்ய ஆளும் இல்லை, செலவழிக்க பட்ஜெட்டும் இல்லை. சம்பளத்தில் குறைவதைப் பதவிப் பெயரில் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். மறுபக்கம், ‘ஜூனியர் டெவலப்பர்’ என்று போட்டுவிட்டு, சர்வர் பராமரிப்பு, மொபைல் ஆப், வாடிக்கையாளர் அழைப்பு, புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி என்று அடுக்குகிறார்கள். அங்கே ஒரு ஜூனியர் சம்பளத்தில் மூன்று வேலை நடக்கப் போகிறது.

வேலைகளை எண்ணும்போது நிறுவனத்தின் அளவையும் சேர்த்துப் பாருங்கள். 6 பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் மூன்று வேலை பார்ப்பது இயல்பு, அதை அவர்கள் ஒளிக்கவும் மாட்டார்கள். 80 பேர் இருக்கும் இடத்தில் அதே பட்டியல் வந்தால், போனவர்களின் வேலையெல்லாம் ஒரே நாற்காலியில் வந்து குவிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

யாரிடம் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். 30 பேரைத் தாண்டிய நிறுவனத்தில் அந்த வரி இல்லையென்றால், அந்த வேலை யாருக்கு வேண்டும் என்றே இன்னும் முடிவாகவில்லை.

ஒரே விளம்பரம் மாதாமாதம் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே ஆள் நிற்பதில்லை என்று பொருள்.

5 ஜூன்

அனுபவ வருடம் பற்றி ஒரு சிறு சோதனை. கேட்கும் தொழில்நுட்பம் எப்போது வெளிவந்தது என்று பாருங்கள். பைத்தான் நிரலாளர்கள் பயன்படுத்தும் ஃபாஸ்ட்ஏபிஐ 2018 கடைசியில்தான் வந்தது. 2020 நடுவில் ஒரு விளம்பரம் அதில் 4 வருடத்துக்கு மேல் அனுபவம் கேட்டது. ஃபாஸ்ட்ஏபிஐயை உருவாக்கியவரே, ‘எனக்கே ஒன்றரை வருடம்தான் ஆகிறது’ என்று பொதுவெளியில் எழுதினார். குபெர்னெட்டிஸ், ஸ்விஃப்ட் இரண்டும் 2014. ரஸ்ட் 1.0 வந்தது 2015. சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. இவற்றை வைத்துக் கழித்துப் பார்த்தாலே போதும்.

கணக்கு இடித்தால் மோசடி என்று பொருள் இல்லை. விளம்பரத்தை எழுதியவரும் உங்களோடு வேலை செய்யப் போகிறவரும் வேறு வேறு ஆள், இருவரும் பேசிக்கொள்ளவும் இல்லை. வேலை பிடித்திருந்தால் விண்ணப்பியுங்கள், ஆனால் முதல் அழைப்பிலேயே மேலாளருடன் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

8 ஜூன்

சம்பளம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

‘தகுதிக்கேற்ப’, ‘சந்தைக்கு நிகராக’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் சொல்லவில்லை என்றே பொருள். எண் கொடுத்திருந்தால் மேல் எண்ணைக் கீழ் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1.3, 1.5 வந்தால் ஒரே நிலைக்கான வரம்பு. 2ஐத் தாண்டினால் இரண்டு மூன்று நிலைகளை ஒரே விளம்பரத்தில் அடைத்திருக்கிறார்கள். 4, 5 என்று போனால் அந்த எண் சட்டத்துக்காகப் போட்டது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி: ‘இந்த வேலைக்கு ஒதுக்கிய பட்ஜெட் இந்த வரம்பில் எங்கே விழுகிறது?’ வரம்பின் மேல் நுனியைக் காட்டி உள்ளே அழைத்து, கீழ் நுனியில் ஆஃபர் தருவது வழக்கமாக நடப்பதுதான்.

சம்பளத்தை வெளியிட வேண்டும் என்று சில இடங்களில் சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ 2021 ஜனவரியில் தொடங்கியது. நியூயார்க் நகரம் 2022 நவம்பர், கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2023 ஜனவரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு உத்தரவு, நேர்காணலுக்கு முன்பே சம்பளத்தைச் சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்க 2026 ஜூன் 7 கெடு. இதில் நமக்கு என்ன பயன்? பல ஊர்களில் ஆள் எடுக்கும் நிறுவனம் என்றால், அதே பதவிக்கு அந்த ஊர்களில் போட்ட விளம்பரத்தைத் தேடுங்கள். எண் அப்படியே பொருந்தாது. ஆனால் அந்தப் பதவியை எந்த நிலையில் வைத்திருக்கிறார்கள், ஜூனியரா சீனியரா என்பது தெரிந்துவிடும்.

விற்பனை வேலை என்றால், ‘இலக்கை எட்டினால் இவ்வளவு’ என்று ஒரே ஒரு பெரிய எண் இருக்கும். அதில் நிலையான சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று பிரிக்கச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி, அறுபதுக்கு நாற்பது எல்லாம் வழக்கம். பிறகு இன்னொன்று: ‘போன வருடம் குழுவில் எத்தனை பேர் இலக்கை எட்டினார்கள்?’ 10 பேரில் 2 பேர் என்றால் அந்தப் பெரிய எண் உங்களுக்கானது இல்லை. ‘நீங்கள்தான் முதல் விற்பனை ஆள்’ என்றால் இலக்கை எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். முதல் 3, 4 மாதத்துக்குக் கமிஷனில் ஒரு பகுதியை உறுதித் தொகையாகத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

8 ஜூன், சற்று கழித்து

மேலே எழுத விட்டது. பழைய சம்பளத்தை முதல் படிவத்திலேயே கட்டாயமாகக் கேட்டுவிட்டுத் தங்கள் பட்ஜெட்டைச் சொல்ல மறுப்பதும் அறிகுறிதான். நீங்கள் எவ்வளவுக்கு மடங்குவீர்கள் என்று முதலில் அளக்கிறார்கள்.

11 ஜூன்

‘சம்பளம் குறைவுதான், ஆனால் 10,000 ஸ்டாக் ஆப்ஷன் தருகிறார்கள், எடுக்கலாமா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

ஸ்டாக் ஆப்ஷன் என்பது நிறுவனத்தின் பங்கை முன்கூட்டியே குறித்த விலையில் பிறகு வாங்கும் உரிமை. 10,000 என்பது எதில் 10,000? மொத்தப் பங்குகள் 1 கோடி என்றால் 0.1 சதவீதம். 10 கோடி என்றால் 0.01. மொத்தம் என்றால் இன்றுவரை வெளியிட்ட பங்குகள் மட்டும் இல்லை. ஊழியர்களுக்கென ஒதுக்கிய தொகுப்பு, மாற்றத்தக்க கடன் பத்திரங்கள் எல்லாம் பங்காக மாறினால் எவ்வளவு வருமோ அந்த எண்ணைக் கேளுங்கள். ‘அதைச் சொல்ல முடியாது’ என்றால் அந்த ஆப்ஷனுக்குப் பூஜ்யம் மதிப்பு போட்டுக்கொண்டு, சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.

சதவீதம் தெரிந்தாலும் கணக்கு முடியவில்லை. முதலீட்டாளர்கள் 40 கோடி போட்டு 60 சதவீதம் வைத்திருக்கிறார்கள், போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு என்று வைப்போம். நிறுவனம் 45 கோடிக்கு விற்கிறது. 0.1 சதவீதம் என்றால் 4.5 லட்சம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. 45 கோடியில் 60 சதவீதம் 27 கோடிதான், அதனால் முதலீட்டாளர்கள் அதை விட்டுவிட்டு 40 கோடியை எடுத்துக்கொள்வார்கள். மீதி 5 கோடி, மற்ற 40 சதவீதக்காரர்களுக்கு. அதில் உங்கள் பங்கு நாற்பதில் 0.1, அதாவது 1.25 லட்சம். ஆப்ஷனை வாங்கும் விலையும் வரியும் இதிலிருந்துதான் போக வேண்டும். அடுத்த ரவுண்டில், அதாவது அடுத்த முறை முதலீடு திரட்டும்போது, புதுப் பங்குகள் வெளியிட்டால் அந்த 0.1 இன்னும் கரையும்.

வெஸ்டிங்கைப் பாருங்கள், அதாவது ஆப்ஷன் எத்தனை காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுடையதாகிறது என்பதை. வழக்கமானது 4 வருடம், முதல் வருடம் முடியும்வரை ஒன்றும் கிடையாது. 11ஆம் மாதம் வெளியே போனால், போகச் சொன்னாலும் சரி, கையில் பூஜ்யம். சில இடங்களில் முதல் இரண்டு வருடத்துக்குச் சொற்பமும் கடைசி இரண்டில் பெரும்பகுதியும் வைப்பார்கள். அதே இடத்தில் ஊழியர்கள் சராசரியாக ஒன்றரை வருடம்தான் இருக்கிறார்கள் என்றால் அந்தக் கடைசிப் பகுதி யாருக்கும் போய்ச் சேராது. வேலையை விட்டபின் ஆப்ஷனை வாங்க எத்தனை நாள் தருகிறார்கள் என்றும் கேளுங்கள். பல திட்டங்களில் 90 நாள்தான். அதற்குள் கைப்பணம் போட்டு, விற்க முடியாத பங்கை வாங்க வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் ‘தாராளமான எக்விட்டி’ (பங்கு) என்று மட்டும் எழுதி சதவீதம் இல்லாமல் விட்டிருப்பது பெரிய குற்றமில்லை, பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். கேட்டபிறகும் சொல்லாததுதான் அறிகுறி.

12 ஜூன்

‘இவ்வளவும் கேட்டால் ஆஃபரையே ரத்து செய்துவிடுவார்கள்’ என்று பதில் வந்திருக்கிறது. எப்போது கேட்பது என்பதுதான் விஷயம். சம்பள வரம்பு, யாரிடம் ரிப்போர்ட், வேலை நேரம் மூன்றும் முதல் அழைப்பில். ரன்வே, இந்த இடம் ஏன் காலியானது, இரண்டும் மேலாளருடனோ ஃபவுண்டருடனோ பேசும்போது. பங்கு எண்ணிக்கை, வெஸ்டிங், வெளியேறும் நிபந்தனை எல்லாம் ஆஃபர் வந்தபின் மின்னஞ்சலில். வாயால் சொன்னதை ‘நாம் பேசியபடி’ என்று அன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். மறுக்காமல் விட்டால் பதிவு இருக்கிறது, திருத்தினால் உண்மை தெரிகிறது.

ஆஃபர் நிலையில் மரியாதையாகக் கேட்ட கேள்விக்காக ஆஃபரைத் திரும்பப் பெறும் இடம், சேர்ந்தபின் சம்பளம் தாமதமாவதைக் கேட்டால் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

16 ஜூன்

4ஆம் தேதி குறிப்பில் ‘திரும்பத் திரும்ப வந்தால் ஆள் நிற்பதில்லை’ என்று இருப்பதை இப்படித் திருத்திப் படிக்கவும். பல தளங்கள் 30 நாளில் விளம்பரத்தைத் தானாகவே புதுப்பிக்கும். நிறுவனம் வேகமாக வளர்ந்து ஒரே பதவிக்கு ஐந்து பேர் எடுக்கலாம். ஆள் எடுக்கும் எண்ணமே இல்லாமல், முதலீட்டாளர்களுக்கு வளர்ச்சி காட்டவும் பயோடேட்டா சேர்த்து வைக்கவும் திறந்தே வைத்திருப்பதும் உண்டு. எது என்று பிரிக்க வழி இருக்கிறது.

ஒன்று, பக்கத்தின் மூலநிரலைத் திறந்து ‘டேட்போஸ்டட்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள் (datePosted, இடைவெளி இல்லாமல்). தேடுபொறிகளுக்காக வைக்கும் தகவல் அது. விளம்பரம் ‘3 நாள் முன்பு’ என்று காட்டும்போது இங்கே பழைய தேதி இருந்தால் புதுப்பித்த விளம்பரம். எல்லாப் பக்கத்திலும் இருக்காது, சில தளங்கள் இதையும் தானாக மாற்றும்.

அடுத்தது வேபேக் மெஷின், இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் தளம். நிறுவனத்தின் ‘கேரியர்ஸ்’ பக்க முகவரியைப் போட்டு, 3 மாதம், 6 மாதம், 12 மாதம் முன் எப்படி இருந்தது என்று பாருங்கள். அதே பதவி நடுவில் மறைந்து மறுபடி வந்திருந்தால் ஆள் வந்து போயிருக்கிறார். ஒருநாளும் மறையாமலே இருந்தால் ஆள் எடுக்கும் எண்ணம் சந்தேகம். சிறு நிறுவனங்களின் பக்கம் அடிக்கடி பதிவாகியிருக்காது என்பதால், ஒன்றும் கிடைக்காவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இந்த எல்லாவற்றையும்விட நம்பகமானது முன்னாள் ஊழியர்களின் பட்டியல். லிங்க்ட்இன்னில் ‘முன்பு வேலை செய்த இடம்’ என்ற வடிகட்டியில் நிறுவனப் பெயரைப் போட்டு, அதே பதவியில் இருந்தவர்களையும் எத்தனை மாதம் இருந்தார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். இன்று குழுவில் 5 பேர், கடந்த 2 வருடத்தில் போனவர்கள் 8 பேர், அதில் பெரும்பாலோர் ஒரு வருடத்துக்குள் என்றால் அதற்குமேல் ஆராய வேண்டியதில்லை. பயிற்சி மாணவர்களையும் ஒப்பந்தக்காரர்களையும் கழித்துவிட்டு எண்ணுங்கள். போனவர்களில் இருவருக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்: ‘இன்று மறுபடி சேரச் சொன்னால் சேர்வீர்களா?’ குறை சொல்லத் தயங்குபவர்கூட இதற்கு ஆம், இல்லை என்று சொல்லிவிடுவார்.

17 ஜூன்

பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம், பின்னணிச் சோதனைக் கட்டணம், எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. ‘காசோலை அனுப்புகிறோம், நாங்கள் சொல்லும் கடையில் உபகரணம் வாங்குங்கள்’ என்பதும் மோசடிதான். காசோலை சில நாள் கழித்துத் திரும்பும், நீங்கள் கடைக்கு அனுப்பிய பணம் திரும்பாது. நேர்காணல் முழுவதும் சாட்டிலேயே, முகம் பார்க்காமல். மின்னஞ்சல் முகவரியில் நிறுவனப் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும். அந்த வேலை நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், முகவரியைக் கையால் தட்டச்சு செய்து, வந்த இணைப்பைச் சொடுக்காமல். ‘5 வருடமாக இயங்குகிறோம்’ என்கிறவர்களின் இணையப் பெயர் போன மாதம் பதிவாகியிருந்தால் இணையப் பெயர்ப் பதிவைக் காட்டும் ‘ஹூஇஸ்’ தேடலில் தெரிந்துவிடும்.

21 ஜூன்

டேக்-ஹோம் அசைன்மென்ட், அதாவது வீட்டில் செய்து அனுப்பச் சொல்லும் சோதனை வேலை பற்றி. 2 முதல் 4 மணி நேரம் நியாயம். அதற்குமேல் போனால் கூலி தர வேண்டும், தரும் நிறுவனங்களும் இருக்கின்றன. நேரத்தைவிட முக்கியம், செய்யச் சொல்வது என்ன என்பது. எல்லா விண்ணப்பதாரருக்கும் ஒரே கற்பனைச் சிக்கலைக் கொடுத்தால் அது தேர்வு. ‘எங்கள் தளத்துக்கு 3 மாத மார்க்கெட்டிங் திட்டம் எழுதுங்கள்’, ‘எங்கள் ஆப்பில் இந்த வசதியைச் சேர்த்துக் காட்டுங்கள்’ என்றால் அது வேலை. முதல் பேச்சுக்கு முன்பே, விளம்பரத்துக்குள்ளேயே அசைன்மென்ட் இருந்தால் நூறு பேரிடமிருந்து இலவச யோசனை சேர்க்கிறார்கள் என்ற சந்தேகம் நியாயமானது. எழுதுவதற்கு முன் இரண்டு கேளுங்கள்: யார் மதிப்பிடுவார்கள், தேறாவிட்டாலும் கருத்து சொல்வார்களா. செய்வதானால் திட்டத்தின் சட்டகத்தை மட்டும் கொடுங்கள், எண்களும் செயல்படுத்தும் விவரமும் நேரில் பேசலாம் என்று எழுதுங்கள்.

26 ஜூன்

12ஆம் தேதி ரன்வே என்று சும்மா எழுதிவிட்டுப் போனதைப் பலர் கேட்டார்கள். கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பது அது, கையிருப்பை மாதா மாத நிகரச் செலவால் வகுத்தால் வருவது. 6 கோடி இருக்கிறது, வருமானம் போக மாதம் 40 லட்சம் கரைகிறது என்றால் 15 மாதம். ஆனால் உங்களையும் சேர்த்து 10 பேரை எடுக்கப் போகிறார்கள், செலவு 60 லட்சமாகும். அப்போது 10 மாதம்தான். அடுத்த ரவுண்ட் பணம் திரட்ட ஆறு மாதமாவது பிடிக்கும் என்று வைத்தால், நீங்கள் சேர்ந்து நான்கு மாதத்தில் ஃபவுண்டர் பணம் தேடி ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். அதனால் ‘ரன்வே எத்தனை மாதம்’ என்று கேட்டதும், ‘இப்போது எடுக்கும் ஆட்களையும் சேர்த்தா’ என்று கேளுங்கள். 12க்குக் கீழே என்றால் சம்பளத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், ஆபத்துக்கு விலை உண்டு.

விளம்பரத்தில் ‘முன்னணி முதலீட்டாளர்களின் ஆதரவு’ என்று இருந்தால் எப்போது, எந்த ரவுண்ட் என்று தேடுங்கள். இரண்டரை வருடம் முன்பு சீட் ரவுண்ட் (ஆரம்ப முதலீடு), அதன்பின் செய்தியே இல்லை என்றால் ஒன்று லாபத்தில் ஓடுகிறது, இல்லை பணம் தீர்ந்துகொண்டிருக்கிறது. லாபத்தில் ஓடினால் அதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே பெருமையாகப் போட்டிருப்பார்கள்.

‘ஸ்டெல்த்’ நிறுவனம், பெயர் வெளியே சொல்ல மாட்டார்கள் என்பது தன்னளவில் தவறில்லை. ஆனால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின்னும் ஃபவுண்டர் யார், என்ன பொருள், பணம் எங்கிருந்து என்று சொல்லாவிட்டால் விலகுங்கள்.

26 ஜூன், பின்குறிப்பு

‘ஃபண்டிங் வந்ததும் சம்பளம்’ என்பது சம்பளமில்லா வேலை. ‘கோ-ஃபவுண்டர் நிலை’ என்று சொல்லி ஒரு சதவீதமும் பூஜ்யம் சம்பளமும் தருவது அதைவிட மோசம். சம்பளமே இல்லாமல் ஆரம்பத்தில் சேர்பவருக்கு உரியது ஒன்று இரண்டு சதவீதம் இல்லை. மற்ற ஃபவுண்டர்களின் பங்கும் வெஸ்டிங்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்கு மட்டும் 4 வருடம், அவர்களுக்கு முதல் நாளே முழுசு என்றால் நீங்கள் கோ-ஃபவுண்டர் இல்லை.

3 ஜூலை

வேலை நேரமும் விடுப்பும். ‘அளவற்ற விடுப்பு’ என்றால் கணக்கில் சேரும் விடுப்பு இல்லை என்று பொருள். வெளியேறும்போது மிச்ச விடுப்புக்குப் பணமும் பெரும்பாலும் இருக்காது. ‘போன வருடம் இந்தக் குழுவினர் சராசரியாக எத்தனை நாள் எடுத்தார்கள், குறைந்தபட்சம் எடுக்க வேண்டியது எத்தனை’ என்று கேளுங்கள். குறைந்தபட்சம் என்று ஒன்று வைத்திருக்கும் இடத்தை நம்பலாம்.

‘ஆன்-கால்’ (வேலை நேரத்துக்கு வெளியேயும் கோளாறு வந்தால் போனை எடுக்க வேண்டிய முறை) என்ற சொல் இருந்தால் எத்தனை பேர் சுழற்சியில் என்பதுதான் கேள்வி. 6 பேர் என்றால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை. 2 பேர் என்றால் வருடத்தில் பாதி நாள் போனைப் பக்கத்தில் வைத்துத் தூங்க வேண்டும்.

‘996’ என்று சில விளம்பரங்கள் வெளிப்படையாகவே போடுகின்றன: காலை 9 முதல் இரவு 9, வாரம் 6 நாள். சீனாவில் பிறந்த பழக்கம், அங்கேயே 2021 ஆகஸ்டில் உச்ச மக்கள் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. வாரம் 72 மணி. அந்தச் சம்பளத்தை 72ஆல் வகுத்து, 40 மணி வேலையின் சம்பளத்தை 40ஆல் வகுத்து ஒப்பிடுங்கள். வெளிப்படையாகப் போட்டவர்களிடம் இந்தக் கணக்கையாவது போட முடிகிறது. ‘கடிகாரம் பார்க்காதவர் தேவை’ என்று எழுதியவர்களிடம் அதுவும் முடியாது.

9 ஜூலை

ஒப்பந்த நிபந்தனைகளை விளம்பரத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்கள். சிலது முடியும். ‘குறைந்தது 2 வருடம் இருக்கச் சம்மதிப்பவர்’ என்றால் பின்னால் பாண்ட் இருக்கிறது, அதாவது முன்பே விலகினால் பணம் கட்டும் ஒப்பந்தம். எவ்வளவு தொகை, எதற்காக, நிறுவனமே நீக்கினாலும் கட்ட வேண்டுமா என்று கேளுங்கள். ‘முழுநேரம்’ என்று தலைப்பும் ‘ஒப்பந்த அடிப்படை’ என்று கடைசி வரியும் இருந்தால், ஊழியருக்குரிய கட்டுப்பாடெல்லாம் உங்களுக்கு, காப்பீடும் விடுப்பும் கிடையாது.

மீதி ஆஃபர் லெட்டரில்தான் தெரியும். நோட்டீஸ் பீரியட் உங்களுக்கு 90 நாள், அவர்களுக்கு 7 நாள் என்றிருக்கும். நீங்கள் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு என்ற பிரிவில் ‘வேலை நேரத்துக்கு வெளியே’, ‘சேர்வதற்கு முன்’ என்ற சொற்கள் இருந்தால், ஏற்கனவே செய்தவற்றை ஒரு பட்டியலாக இணைத்து விலக்கு கேளுங்கள். பல நிறுவனங்கள் அதற்கென்றே ஒரு பின்னிணைப்பு வைத்திருக்கும்.

10 ஜூலை

‘மோசமாக எழுதப்பட்ட விளம்பரம், ஆனால் அருமையான இடம்’ என்று ஒருவர் சொல்லியிருப்பது உண்மைதான். 10 பேருக்குக் கீழே இருக்கும் இடத்தில் விளம்பரத்தை ஃபவுண்டரே நடுராத்திரியில் எழுதுவார். எழுத்துப்பிழை, நீளம், ஒழுங்கின்மை எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பார்க்க வேண்டியது பொருளைப் பற்றிக் குறிப்பாகப் பேசுகிறாரா என்பது: யார் பயன்படுத்துகிறார்கள், இப்போது எது உடைந்து கிடக்கிறது, முதல் 3 மாதத்தில் நீங்கள் எதை முடிக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் பாதி நம்பிக்கை வந்துவிடும். எச்ஆர் குழு வைத்திருக்கும் 60 பேர் நிறுவனத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

14 ஜூலை

விண்ணப்பிக்கும் முன் விளம்பரத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள், தேதியும் முகவரியும் தெரியும்படி. ஆள் கிடைத்ததும் பக்கத்தை எடுத்துவிடுவார்கள். ஆஃபர் லெட்டர் வந்ததும் இரண்டையும் அருகருகே வைத்துப் பதவிப் பெயர், நிலையான சம்பளம், வேலை செய்யும் இடம், வேலை நேரம், ரிப்போர்ட் செய்ய வேண்டியவர் என்று வரி வரியாக ஒப்பிடுங்கள். ‘ரிமோட்’ என்று விளம்பரத்தில் இருந்தது ‘நிறுவனம் விரும்பும் இடத்தில்’ என்று மாறியிருப்பதுதான் அதிகம் கண்ணில் படுவது. மாறிய ஒவ்வொன்றையும் கையெழுத்துக்கு முன் மின்னஞ்சலில் கேட்டு, வாய்ச்சொல்லாக இல்லாமல் திருத்திய லெட்டராகவே வாங்குங்கள்.